மொன்றியலில் இரவு பார்க்கப் போன கதை

கனடாவுக்குப் போய் வந்த நாளிலிருந்து எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: நயாகரா பார்த்தனீங்களோ? பார்க்கவில்லை. நான் போனது மொன்றியலுக்கு. நயாகரா ரொறன்ரோப் பக்கம். ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் குந்தியிருக்க வேண்டும். "அப்ப என்னத்தைத்தான் பார்த்தனீங்கள்?" என்பார்கள். இரவு பார்த்தேன் என்று சொல்லுவேன். கேட்டவர் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

போகட்டும். எழுதி வைத்தாலாவது விளங்குதோ பார்ப்போம்.

நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். கலியாணம் கட்டவில்லை; அதற்கு நேரமும் இருக்கவில்லை, வந்தவர்களுக்கு என் வாயைத் தாங்கவும் ஏலவில்லை. இருபத்தாறு வயதிலிருந்து நாற்பத்திரண்டு வயது வரை, பொழுது பட்ட பிறகு நான் றோட்டில் கால் வைத்தது இரண்டே இரண்டு தடவை. ஒன்று, பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிள்ளைவலி வந்தபோது. மற்றது, ஊரே மூட்டை கட்டி இடம்பெயர்ந்தபோது. இரண்டுக்கும் நான் நல்ல சீலை உடுத்திக்கொண்டு போகவில்லை.

பிறகு சமாதானம் என்றார்கள், ஊரடங்கை எடுத்தார்கள். எடுத்து என்ன, எங்களுக்குப் பழக்கம் விட்டால்தானே. ஆறரைக்குக் கடைக்காரர் பலகையைப் போட்டுவிடுவார். ஏழு மணிக்கு ஒழுங்கையில் நாய் மட்டும்தான் நிற்கும், அதுவும் ஏதோ குற்றம் செய்த மாதிரி நிற்கும். அந்தச் சமாதானத்தின் இரண்டாம் வருஷம், பள்ளிக்கூட விடுமுறையில், மொன்றியலில் இருக்கும் என் தங்கச்சி என்னைக் கூப்பிட்டாள். ஆறு கிழமை விசா. விமானத்தில் எனக்கு முன்னால் செருகியிருந்த புத்தகத்தில் மொன்றியலைப் பற்றி ஒரு படம் இருந்தது. இரவு, தெருவிலே மேசை கதிரைகள், விளக்குகள், எல்லாரும் சிரித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒருவராவது மணிக்கூட்டைப் பார்க்கிற மாதிரித் தெரியவில்லை. அப்போதே முடிவு செய்துவிட்டேன். இந்தத் தெருவில் நடுச்சாமத்தில் நான் நிற்க வேண்டும். நல்ல சீலையோடு, எங்கை போறாய் என்று ஆரும் கேட்காமல், ஒரே ஒரு இரவு. வேறொன்றும் வேண்டாம். நயாகராவை ஆரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள், அது இருக்கட்டும்.

தங்கச்சி பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தாள். வெளியிலிருந்து மேலே ஏறுவதற்கு ஓர் இரும்புப் படி, நெளிந்து நெளிந்து போகும். கோடையில் ஏறினாலே நெஞ்சு பக்கென்கும், பனிக்காலத்தில் எப்படி ஏறுகிறார்களோ கடவுளுக்குத்தான் தெரியும். அவள் வந்து பதினான்கு வருஷம். புருஷன் நகரத்துக்குள் ஓர் இத்தாலிச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. முறைக்கு நான் அவருக்கு மச்சாள்தான். ஆனால் என் வயதுக்கும் முகத்துக்கும் பயந்து அவர் என்னை அக்கா என்றே கூப்பிடுவார். பதின்மூன்று வயதில் ஒரு மகள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும், பிரெஞ்சில் கேட்க எனக்குத் தெரியாது, ஆகவே எங்களுக்குள் சண்டையே இல்லை.

வந்த முதல் நாள் பின்னேரமே நான் திகைத்துப்போனேன். மணி ஏழு. கோடைகாலம், அந்த ஊரில் ஒன்பதுக்குக் கிட்டத்தான் பொழுது படும். சூரியன் முன்வீட்டு மதிலில் அடித்துக் கண்ணைக் கூசுகிறது. என் தங்கச்சி எழும்பி, வாசல் கதவின் மேல் பூட்டு, கீழ்ப் பூட்டு, சங்கிலி எல்லாம் போட்டு, எல்லா யன்னலுக்கும் திரையை இழுத்து மூடினாள்.

"ஏனடி மூடுறாய், பட்டப்பகலாய்க் கிடக்கு?"

"பொழுது படப்போகுது அக்கா."

"படட்டும், அதுக்குப் பிறகு மூடன்."

"முதலே மூடினால் நல்லதுதானே," என்றாள், உலைக்கு அரிசி போடுவதைப்போல சாதாரணமாக.

அதற்குப் பிறகு ஆர் மணி அடித்தாலும் கதவு திறக்காது. புருஷன் வேலை முடிந்து மூன்று மணிக்கோ நாலு மணிக்கோ வரும்வரை படுக்கவும் மாட்டாள். செபமாலையை உருட்டிக்கொண்டு, முன்னறையில் விளக்கைப் போடாமல் இருப்பாள். பதினான்கு வருஷத்தில் இருட்டிய பிறகு தனியாக வெளியில் போயிருக்கிறாயோ என்று கேட்டேன். "எனக்கென்ன விசரோ," என்றாள். ஊரிலிருந்து ஊரடங்கு காலத்து ஆளாக நான் வந்தால், எனக்கு முன்னமே ஒருத்தி அந்த ஊரடங்கை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து இங்கே குடியிருக்கிறாள்.

சரி, இரவுக்கு எங்கள் ஆட்களிடம் வேறு ஏற்பாடு இருந்தது. விருந்து. தங்கச்சி போகிற கத்தோலிக்கக் கோயிலில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற குடும்பங்கள் நாற்பதாவது இருக்கும். ஊரிலிருந்து ஒருத்தி வந்தால் ஒவ்வொரு வீடும் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் நின்று மற்ற வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்க ஏலாது. ஆகவே வந்த மூன்றாம் நாளே என் பின்னேரங்கள் எல்லாம் பதிவாகிவிட்டன. வான் வண்டியில் ஏற்றுவார்கள், அடைத்த வண்டியிலேயே திருப்பிக் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒருநாள் அஹுன்ட்சிக் பக்கம், ஒருநாள் ஆறு தாண்டி லவால், ஒருநாள் இல்-பிசார் என்ற தீவு. அங்கே பெரிய வீடு கட்டிப் போன குடும்பம் ஒன்று, எட்டு மணிக்கே அக்கம்பக்கம் எல்லாம் நித்திரை. ஒவ்வொரு வீட்டிலும் கட்லற், றோல்ஸ், புட்டு, கணவாய்க் கறி, ஆட்டிறைச்சி. பிறகு பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாவில் என்னை நடுவில் இருத்தி, பிள்ளை கோயிலில் முதல் நன்மை வாங்கின வீடியோ. மூன்று மணித்தியாலம். பிள்ளை வெளிக்கிடுவது அரை மணித்தியாலம், காரில் ஏறுவது கால் மணித்தியாலம். ஐந்தாவது வீட்டில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது: எல்லா வீடியோவிலும் வருகிறவர்கள் அதே நாற்பது குடும்பம்தான். ஏழாவது வீட்டில் ஆர் அடுத்ததாகக் கேக் ஊட்ட வருவார் என்று நானே சொல்லத் தொடங்கினேன். "ரீச்சருக்கு எல்லாரையும் தெரிஞ்சிட்டுது," என்று அவர்களுக்கு ஒரே புளுகமும் சந்தோசமும்.

இப்படியே ஐந்தரைக் கிழமை போய்விட்டது. திங்கட்கிழமை எனக்கு விமானம். வெள்ளிக்கிழமை பின்னேரம், திரையெல்லாம் மூடின பிறகு, நான் சொன்னேன்.

"நாளைக்கு நான் ஒருத்தற்ரை வீட்டையும் வரமாட்டன். இரவிலை நகரத்துக்குப் போகப்போறன். டான்ஸ் ஆடுற இடம், சனம் நிக்கிற இடம், எல்லாம் பார்க்கப்போறன். கூட்டிக்கொண்டு போகாட்டில் தனியப் போவன்."

தங்கச்சி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் முகத்தை நீட்டிக்கொண்டு, "என்ன கண்டறியாத ஆசை. கோயில் ஆக்கள் ஆரும் அங்கை உன்னைக் கண்டால் என்ன கதைப்பினம்?" என்றாள்.

"கண்டால் அவையும் அங்கைதானே நிக்கினம். கதைக்கமாட்டினம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உனக்கு ஒண்டு நடந்தால் நான் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். அது வாய்க்காக வந்த கேள்வி இல்லை. பதினான்கு வருஷமாக ஒவ்வொரு இரவும் புருஷனுக்காக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, எனக்கும் வந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. மூன்று நாளில் திரும்பிப் போனால் எனக்கு மறுபடி ஏழு மணி நாய்தான்.

மச்சான் சனிக்கிழமை லீவு எடுத்தார். சவரம் செய்து, கலியாணத்துக்குப் போடுகிற சேட்டும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது, கேட்கத்தான் ஒருவரும் இருக்கவில்லை.

நான் மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை போட்ட பட்டுச் சீலை உடுத்தேன். பல்லாங்குழியில் காய் நிறைப்பதைப்போல தங்கச்சி என் கைப்பையை நிறைத்தாள்: குடை, சுவெற்றர், தண்ணீர்ப் போத்தல், இரண்டு பாண் துண்டு, செபமாலை. ஆறரைக்கு வெளிக்கிட்டோம். ஒரு விசேஷத்துக்குப் போனால் நேரத்தோடு போவதுதானே மரியாதை. மகள் படியில் நின்று பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"இந்த நேரத்துக்குப் போனால் அங்கை நிலம் கூட்டிறவன்கூட வந்திருக்கமாட்டானாம்," என்றார் மச்சான்.

பிள்ளை சொன்னது சரி. மெட்ரோவில் இறங்கி, புத்தகப் படத்தில் கண்ட அந்த நீளத் தெருவுக்குப் போனால், வெயில் கொளுத்துகிறது, இரவுக்கடையெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. ஒரு வாசலில் எழுதியிருந்ததை மச்சான் படித்தார். பத்து மணிக்குத்தான் திறப்பார்களாம். இரவு பார்க்க வந்த நாங்கள் இரண்டு பேரும், பட்டுச் சீலையும் கலியாணச் சேட்டுமாக, நல்ல பகலில் றோட்டில் நின்றோம்.

"அக்கா, என்ரை வேலையிடம் கிட்டத்தான். அதுவரைக்கும் அங்கை இருப்பமோ?"

முன்வாசலில் கண்ணாடிக் கதவும் வெள்ளைத்துணி மேசைகளும் தெரிந்தன. நான் அதை நோக்கி நடந்தேன். மச்சான் என் பின்னால் வரவில்லை; பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டார். குப்பைத் தொட்டிகளுக்கு நடுவால் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். குசினிக்குள் ஒரே வெக்கை. தலை நரைத்த மன்னார்க்காரர் ஒருவர் அடுப்படியில் நின்றார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்து, எண்ணெய்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, மேலே சுத்தமான துவாய் விரித்து இருத்தினார்.

"ரீச்சர் சாப்பிடாமல் போகேலாது," என்றார்.

ஐந்தரைக் கிழமையாக நான் கேட்ட அதே வசனம். இத்தாலிக்காரரின் மாச்சேவையை வெண்ணெயில் பிரட்டி, தட்டு அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த தகரத்திலிருந்து எங்கள் மிளகாய்த்தூளை ஒரு கரண்டி அள்ளிப் போட்டுத் தந்தார். உண்மையைச் சொன்னால் அத்தனை வீட்டு விருந்திலும் அதைப்போல ஒன்று நான் சாப்பிடவில்லை. ஆனால் கோபமும் வந்தது. "தம்பி, நீர் முன்னுக்கு இருந்து ஒருநாளாவது சாப்பிட்டிருக்கிறீரோ?" என்று மச்சானைக் கேட்டேன். அவர் சிரித்தார். "முன்னுக்கு எனக்கு ஒருத்தரையும் தெரியாதே அக்கா." இந்த மனிதரோடுதான் நான் நகரத்தின் இரவைப் பார்க்க வெளிக்கிட்டிருக்கிறேன்.

பத்தரைக்கு மறுபடி தெருவுக்கு வந்தோம். அதற்குள் யாரோ ஊரையே மாற்றிவிட்டார்கள். நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. மேசைகள், சிகரெட், சிரிப்பு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடக்கும் பெட்டையள். நான் நடுவில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. சிகரெட் புகை என்று மச்சானிடம் சொன்னேன்.

ஆடுகிற இடம் ஒன்றின் வாசலில் நீண்ட வரிசை. வரிசை எனக்குப் புதிதில்லை; பாணுக்கு, மண்ணெண்ணெய்க்கு, ஊரை விட்டு வெளிக்கிடுகிற பாஸுக்கு, கப்பலுக்கு என்று நான் நிற்காத வரிசை இல்லை. ஒழுங்காகப் போய்ப் பின்னால் நின்றேன். முன்னால் நின்ற பெட்டையள் என் சீலையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வாசலில் கறுப்புச் சேட்டுப் போட்ட ஓர் ஆள், அகலமான நெஞ்சு, காதுக்குள் ஒரு வயர். எங்கள் முறை வந்ததும் கையை நீட்டி ஒரு சொல் சொன்னார். அடையாள அட்டை. அந்தச் சொல்லை எந்தப் பாஷையில் சொன்னாலும் எங்களுக்கு விளங்கும்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், சோதனைச் சாவடியில் பழகிப்போன என் உடம்பு செய்தது. கண் நிலத்துக்குப் போனது. அட்டையை இரண்டு கையாலும் நீட்டினேன். கைப்பையைத் திறந்து பக்கத்தில் இருந்த சின்ன மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்: குடை, சுவெற்றர், போத்தல், பாண், செபமாலை. போத்தலை மூடி திறந்து ஒரு வாய் குடித்தும் காட்டினேன். பிறகு இரண்டடி பின்னால் போய், கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் தோளுக்கு நேரே தூக்கிக்கொண்டு நின்றேன். விலாசம் சொன்னேன். எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்றும் சொன்னேன். தமிழில்.

மெல்லக் கண்ணை உயர்த்திப் பார்த்தேன். அந்த ஆள் என் தேசிய அடையாள அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நிற்கிறார். மச்சானைக் கூப்பிடலாம் என்று திரும்பினால், அவர் என் பக்கத்திலேயே, கலியாணச் சேட்டோடு, காலை அகட்டிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பதினான்கு வருஷம் கனடாவில் இருந்த மனிதர். கனடாப் பாஸ்போட் வைத்திருக்கிற மனிதர்.

எங்களுக்குப் பின்னால் நின்ற பெடியளும் பெட்டையளும் ஒரு நிமிஷம் பார்த்தார்கள். இது ஏதோ உள்ளே போகிறவர்கள் போடுகிற ஆட்டம் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருத்தி கையைத் தூக்கினாள். பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவன். பிறகு வரிசை முழுக்க, தெருமூலை வரைக்கும், கையைத் தூக்கிக்கொண்டு அசைந்து அசைந்து ஆடத் தொடங்கிவிட்டது.

"மடாம், மடாம்," என்றார் வாசல்காரர், மெதுவாக, தன் கையால் என் கையைத் தொட்டு இறக்கிவிட்டபடி. பிறகு மச்சானிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

மச்சானுக்கு முகம் சிவந்திருந்தது. "பதினெட்டு வயது ஆச்சோ எண்டுதான் பாக்கிறவையாம் அக்கா."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும்தான். உங்களுக்கும்."

நாற்பத்திநாலு வயதில், பட்டுச் சீலையும் குடையுமாக நிற்கிற என்னைப் பார்த்து. நான் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த ஏலவில்லை. வாசல்காரர் என் குடையை மடித்து, பாண் துண்டைக் கடதாசியில் சுற்றி, செபமாலையை ஒரு முத்தும் சிக்காமல் எடுத்து, தன் கையாலேயே பைக்குள் வைத்துத் தந்தார். கதவைத் திறந்தும் விட்டார்.

உள்ளே சத்தம் என்றால் சத்தம், பல்லுக்குள் கேட்டது. ஒரு மூலையில் உயரக் கதிரை கிடைத்தது. மச்சான் எனக்கு இஞ்சிச் சோடாவும் தனக்கு ஒரு பியரும் வாங்கி வந்தார். பியரை என் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார். "குடியும் தம்பி, நான் உம்மடை கோயில் சுவாமியார் இல்லை," என்றேன். குடித்தார். பிறகு கை சும்மா இருக்கமாட்டாமல் பக்கத்து மேசைகளில் கிடந்த வெறுங் கிளாசுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார். இரண்டு தடவை ஏசி இருத்தினேன். மூன்றாம் தடவை விட்டுவிட்டேன், அந்த ஆளுக்கும் ஒரு சந்தோசம் வேண்டுமே.

நான் ஆடினேனோ என்று கேட்பீர்கள். ஆடவில்லை. வரிசையில் நின்ற பெட்டை ஒருத்தி ஓடிவந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, தன் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு ஆடப் போனாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு அவளுடைய சிநேகிதி. அரை மணித்தியாலத்தில் என்னிடம் பதினொரு கைப்பை, மூன்று சுவெற்றர், ஒரு சோடி செருப்பு. பரீட்சை மண்டபத்தில் பைகளை வாசலில் வை என்று விரட்டுகிற நான், அவற்றை நிறப்படி வரிசையாக அடுக்கி, கதிரைக்குக் கீழே ஒரு காலும் மேலே ஒரு கையும் போட்டுக் காவல் இருந்தேன். பதினாறு வருஷமாகக் கண்டவன் எல்லாம் என் பையைத் திறந்து கிண்டியிருக்கிறான். இங்கே என் பெயர்கூடத் தெரியாத பிள்ளைகள் தங்கள் பையைத் தந்துவிட்டுத் திரும்பியும் பார்க்காமல் போகிறார்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. பை எடுக்க வந்த ஒவ்வொருத்தியும் என் கன்னத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சிவிட்டுப் போனாள். ஒருத்தி மட்டும் வேறொருத்தியின் பையை எடுக்கப் பார்த்தாள். மணிக்கட்டில் ஒரு அடி போட்டேன், "பார்டோன்" என்று மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டாள்.

மச்சானின் செல்போன் அடித்தபடியே இருந்தது. பதினொன்றுக்கு, பன்னிரண்டுக்கு, ஒன்றுக்கு. ஒவ்வொரு தடவையும் அவர் வெளியில் ஓடிப்போய், "ஓம், ஓம், வாறம்," என்று சொல்லிவிட்டு வருவார். நான் எழும்பவில்லை. பையெல்லாம் ஆர் பார்க்கிறது.

மூன்று மணிக்குத் திடீரென்று பாட்டு நின்றது. விளக்கெல்லாம் பளீரென்று எரிந்தது. அந்தக் கறுப்புச் சேட்டுக்காரர் உள்ளே வந்து கையைத் தட்டி எல்லாரையும் போகச் சொன்னார். சுற்றிவளைப்போ என்று என் கை அடையாள அட்டையைத் தேடியது. கடைசிப் பைக்காரியும் தன் பையை எடுத்துக்கொண்டு போக, சனம் தள்ளுப்பட்டுக்கொண்டு வாசலுக்குப் போகிறது. நானும் இழுபட்டு வெளியில் வந்து விழுந்தேன்.

பார்த்தால் தெரு முழுக்கத் தலை. அந்தத் தெருவில் இருந்த எல்லாக் கடையும் அந்த நேரத்துக்குத்தான் பூட்டுமாம். ஆயிரக்கணக்கான சனம், அந்தச் சாமத்தில், வீட்டுக்குப் போகிற யோசனையே இல்லாமல் கதைத்துக்கொண்டு, கட்டிப்பிடித்துக்கொண்டு, உருளைக்கிழங்குப் பொரியலில் குழம்பு ஊற்றித் தின்றுகொண்டு நிற்கிறது. எங்கள் ஊரில் நேரம் வந்தால் எல்லாரும் உள்ளே போ என்பார்கள். இந்த ஊரில் நேரம் வந்தால் எல்லாரும் வெளியே போ என்கிறார்கள். நடைபாதை விளிம்பில் நின்றேன். இதுதான் நான் வந்த காரியம். மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். "இந்த நேரம் நான் குப்பை கொண்டுவந்து போடுறனான் அக்கா. இந்தச் சத்தம் கேக்கும். என்னவெண்டு ஒருநாளும் வந்து பாக்கேல்லை," என்றார்.

போன் அடித்தது. நானே வாங்கினேன்.

"எங்கை நிக்கிறியள்? மூண்டு மணி தாண்டியிட்டுது, தெரியுமோ? மெட்ரோவும் இல்லை," தங்கச்சியின் குரல் கீச்சென்று போனது. "நான் இருட்டுக்கை இருக்கிறன்."

"விளக்கைப் போடடி."

"வெளியிலை தெரியும்."

"தெரிஞ்சால் என்ன? ஆர் வரப்போகினம்?"

அவள் போனை வைத்துவிட்டாள். திரும்ப எடுத்தால் எடுக்கவில்லை. எனக்கு அந்த நேரம்தான் குற்ற உணர்வு வந்தது. என் ஆசைக்கு அவளை அல்லவா இரவு முழுக்க வதைத்திருக்கிறேன். மச்சானை இழுத்துக்கொண்டு இரவு பஸ்ஸைப் பிடித்தேன். பஸ்ஸுக்குள்ளும் பாட்டுத்தான். எனக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை.

எங்கள் தரிப்பிடத்துக்கு நான்கு மணியளவில் வந்தோம். பஸ் கதவு திறந்தபோது, தரிப்பிடத்தில் குந்துகிற வாங்குக்குப் பக்கத்தில் ஓர் உருவம். நைற்றிக்கு மேலே புருஷனின் பனிக்கால ஜக்கெற், காலில் குளியலறைச் செருப்பு, கையில் குடையை அடிக்கிற மாதிரி உயர்த்திப் பிடித்தபடி. என் தங்கச்சி.

நாங்கள் இறங்கி முடிக்க முன்னமே தொடங்கிவிட்டாள். "வெக்கமில்லையோ உங்கள் ரெண்டு பேருக்கும்? என்ன நேரம் இது? பொம்பிளையள் தனிய றோட்டிலை நிக்கிற நேரமோ இது?"

மச்சான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பஸ் போய்விட்டது. அவள் ஒரு கணம் எங்கள் முகத்தைப் பார்த்தாள், பிறகு தன் செருப்பைப் பார்த்தாள், பிறகு மெல்லத் திரும்பித் தான் வந்த தெருவைப் பார்த்தாள். வீட்டிலிருந்து ஐந்து சந்தி. தெருவிளக்குக்குக் கீழே வெறிச்சென்று கிடந்தது.

"நான் நடந்து வந்திட்டன்," என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "உங்களை ஏசவேணும் ஏசவேணும் எண்டு வந்தனான். இருட்டைப் பாக்கேல்லை."

குடை இறங்கியது. அவள் கையைப் பிடித்தேன், குளிர்ந்து கிடந்தது. மச்சான், "பிள்ளை தனிய," என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார். நான் அவளை வாங்கில் இருத்திப் பக்கத்தில் இருந்தேன். பையிலிருந்த பாண் துண்டை ஆளுக்கொன்றாகப் பிய்த்தோம். பசி என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு டக்சி போனது. ஆரோ ஒருவன் சைக்கிளில் போகிறபோது "பொன்சூர்" என்று வணக்கம் சொன்னான். அவள் திடுக்கிட்டு, பிறகு நேரம் கழித்துத் தலையை ஆட்டினாள். அதற்குள் அவன் அடுத்த சந்தியும் தாண்டிவிட்டான்.

கிழக்கே கூரைகளுக்கு மேல் லேசாக வெளிறத் தொடங்கியது. பூசைக்கு எழும்ப வேண்டும், பெட்டி கட்ட வேண்டும். "சரி, வா போவம்," என்று நான் எழும்பினேன்.

அவள் என் சீலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"இரன் அக்கா," என்றாள். "இன்னும் விடியேல்லைத்தானே."